லோய் கிரதோங்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

தாய்லாந்துச் சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமி, அதாவது லோய் கிரதோங் பண்டிகை, நெருங்கிவிட்டது. இன்னும் சில நாளில் பாங்காக்கின் ஒவ்வொரு சந்து முனையிலும் மேசை போட்டு, தண்ணீரில் விளக்கோடு மிதக்கவிடும் வாழையிலைக் கிண்ணமான கிரதோங் விற்க ஆரம்பித்துவிடுவார்கள். பௌர்ணமிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கிரதோங் செய்யப்போகிறார்கள். என்னென்ன கொடுத்தனுப்ப வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம் இவ்வளவு நீள்கிறது.

குழுவில் பலர் எழுதியது: "இது நம்ம கார்த்திகை தீபம்தான், இங்கே வந்து பேர் மாறிடுச்சு." ஊரை விட்டு வந்து வாழ்கிறவர்கள் ஆசையோடு சொல்கிற வார்த்தை அது. அந்த ஆசை எனக்கும் உண்டு. இருந்தாலும் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் பௌர்ணமியை ஒட்டி வருபவை, விளக்கு ஏற்றுபவை, அவ்வளவுதான். 2021-இல் இரண்டும் நவம்பர் 19 அன்றே வந்தன. ஆனால் 2024-இல் லோய் கிரதோங் நவம்பர் 15, திருவண்ணாமலை தீபம் டிசம்பர் 13. நாம் கார்த்திகை மாதத்தையும் கிருத்திகை நட்சத்திரத்தையும் பார்க்கிறோம். இவர்கள் சந்திர மாதத்தை எண்ணுகிறார்கள். நம் தீபம் மலையுச்சியில் எரிகிற நெருப்பு. இவர்களுடையது தண்ணீருக்குச் செய்யும் மரியாதை.

இந்த ஊருக்கும் தமிழுக்கும் மெய்யான தொடர்பு வேண்டுமென்றால் தேட வேண்டியதே இல்லை. சாவோ சிங் சா எனப்படும் மாபெரும் ஊஞ்சல் கம்பத்துக்கு அருகே உள்ள தேவஸ்தானத்தில், அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி, தை வாக்கில் நடத்தும் சடங்கின் பெயர் த்ரியம்பவாய், த்ரிபவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அவை. உச்சரிப்பு நமக்குச் சட்டென்று பிடிபடாத அளவுக்கு மாறிப்போனாலும் பாடப்படுவது தமிழ்ப் பாட்டு. சீலோம் மாரியம்மன் கோயில் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இவற்றைப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். லோய் கிரதோங்கை மட்டும் தாய்லாந்துக்காரர்களின் பண்டிகையாகவே விட்டுவிடுவோம். பக்கத்து பெஞ்சில் உட்காரும் தோழியிடம் போய், "உன் பண்டிகை உண்மையில் எங்களுடையது" என்று நம் பிள்ளை சொன்னால் அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாம் ராமர், அதாவது மன்னர் சுலாலங்கோன், பன்னிரண்டு மாத அரசச் சடங்குகளைத் தொகுத்து எழுதியபோது லோய் கிரதோங்கைப் பற்றி முக்கியமான ஒன்றைச் சொன்னார். இது எல்லா மக்களும் மகிழ்ந்து கொண்டாடுவது. பிக்குகளின் சடங்கோ பிராமணர்களின் சடங்கோ இதில் இல்லாததால் இதை அரசச் சடங்காகக் கணக்கில் வைக்க முடியாது என்பது அவர் கருத்து. இன்றைக்கும் அப்படித்தான். அரசு விடுமுறைகூடக் கிடையாது. மறுநாள் பள்ளி உண்டு என்பதையும் இங்கேயே நினைவூட்டிவிடுகிறேன். வேலை முடிந்து வந்து குளித்து, குடும்பத்தோடு நடந்து போய்த் தண்ணீரில் விளக்கை விட்டு வருகிறார்கள். எனக்கு இந்தப் பண்டிகையைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

எதற்காக விடுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழைக்காலம் முடிகிற நேரம் இது; சாவ் பிரயா ஆறு கரை தொட்டு நிற்கும். கிரதோங்கை இரண்டு கையாலும் நெற்றிக்கு நேரே உயர்த்தி, பிரா மே கொங்காவை, அதாவது நீரின் அன்னையை, நினைத்து இரண்டு விஷயம் சொல்கிறார்கள். வருடம் முழுக்கக் குடிக்கவும் குளிக்கவும் பயிர் செய்யவும் தண்ணீர் தந்ததற்கு நன்றி. அந்தத் தண்ணீரை அழுக்காக்கியதற்கு மன்னிப்பு. அந்த அன்னையின் பெயர் நம் கங்கையிலிருந்து வந்ததுதான். வேறு விளக்கங்களும் உண்டு. நர்மதை நதிக்கரையில் உள்ள புத்தரின் பாதச்சுவட்டுக்குச் செய்யும் வழிபாடு என்பார்கள் சிலர். வடக்கே, நீருக்கடியில் தவமிருக்கும் உபகுப்தர் என்ற துறவிக்குச் செய்வது என்பார்கள். பிள்ளை எந்தக் கதையோடு வீட்டுக்கு வந்தாலும் "அது தப்பு" என்று சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கதையில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழைய தாய் அரசான சுகோதாயின் அரசவையில் இருந்த நாங் நொப்பமாத் என்ற பெண்தான் தாமரை வடிவில் முதல் கிரதோங் செய்து மன்னருக்குக் காட்டினாள் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அழகான கதை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும் நூல் எழுதப்பட்டது சுகோதாய்க்குப் பல நூற்றாண்டு பின்னால், பாங்காக் தலைநகரான பிறகு என்பது அறிஞர்களின் முடிவு. சுகோதாய் காலத்து நூல் என்று சொல்லிக்கொண்டு அமெரிக்கர்களைப் பற்றிப் பேசுகிறது அது. இந்த முரணைத் தாய்லாந்து வரலாற்றை ஆராய்ந்த இளவரசர் தாம்ரோங்கே எடுத்துக்காட்டிவிட்டார். அதனால் நம் வகுப்பில் இதைக் கதையாகச் சொல்வோம், வரலாறாகச் சொல்ல மாட்டோம். நாங் நொப்பமாத் பெயரில் நடக்கும் அழகிப் போட்டியை நம் பள்ளியிலும் வைக்கலாமே என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஏழு எட்டு வயதுப் பெண் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. விருப்பப்பட்டவர்கள் தாய்லாந்து உடையில் வரட்டும், எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

இனி, நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

2023-இல் லோய் கிரதோங் இரவு முடிந்து விடிவதற்குள் பாங்காக் மாநகராட்சி ஊழியர்கள் தண்ணீரிலிருந்து அள்ளிய கிரதோங்கள் 6,39,000-க்கு மேல். 2024-இல் 5,14,000-க்கு மேல். பெரும்பாலானவை வாழை, இலை, பூ. அவை உரமாகப் போகின்றன. 2023-இல் நூற்றுக்கு மூன்று சொச்சம் தெர்மாகோல். சதவீதமாகப் பார்த்தால் சின்னதுதான். எண்ணிப் பார்த்தால் இருபதாயிரம் தெர்மாகோல் கிரதோங்கள், ஒரே இரவில், ஒரே நகரத்தில். தண்ணீரிடம் மன்னிப்புக் கேட்கிற கையாலேயே அதைத் தண்ணீரில் விடுகிறோம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: வீட்டுக்கு ஒரு கிரதோங் போதும். நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் சேர்ந்து தொட்டு விடுங்கள். இது நான் கண்டுபிடித்த சிக்கனம் இல்லை. மூன்றாம் ராமர் காலத்தில் இளவரசர்களும் பிரபுக்களும் 8 முழம், 9 முழம் அகலத்துக்கு மாபெரும் கிரதோங்குகள் செய்து போட்டி போட்டதாக அரச வரலாற்றில் குறிப்பு இருக்கிறது. அடுத்து வந்த நான்காம் ராமர் அது வீண்செலவு என்று நிறுத்திவிட்டார். மன்னரே குறைத்தபோது நாம் குறைப்பதில் என்ன குறைச்சல்?

ரொட்டிக் கிரதோங் மீனுக்குத் தீனியாகும், நல்லதுதானே என்று கேட்கிறீர்கள். ஓடுகிற ஆற்றில் ஒன்றிரண்டு என்றால் சரி. பூங்காக் குளத்தில் ஆயிரக்கணக்கில் விழும்போது மீன்கள் தின்று தீர்க்க முடியாது. ஊறிக் கரைந்த ரொட்டியை வலை போட்டு அள்ளவும் முடியாது. அது அழுகும்போது நீரில் இருக்கும் ஆக்சிஜன் குறைந்து, தீனி போட்டதாக நாம் நினைத்த மீன்களே செத்து மிதக்கும். குளத்துக்குப் போவதானால் வாழைத்தண்டும் இலையும் மட்டும்.

செய்கிற விதத்தைச் சொல்லிக்கொடுக்க, நம் வகுப்புக் கட்டடத்தின் கீழே பூமாலை கட்டி விற்கிற அம்மா வருகிறார். பிள்ளைகள் அவரை "பா" என்று கூப்பிட வேண்டும், அத்தை முறை. வந்ததும் கைகூப்பி, 'வாய்' என்கிற தாய்லாந்து முறையில் வணங்க வேண்டும். அவர் சென்ற வாரம் எனக்குச் செய்து காட்டினார். இலையை ஈரத்துணியால் துடைத்து, சற்று நேரம் வெயிலில் வாட்டுகிறார். பச்சையாக மடித்தால் நரம்போடு கிழிந்துவிடும். பிறகு இரண்டு விரல் அகல நறுக்கு. அதன் இரு முனைகளையும் நடுவில் கொண்டுவந்து மடித்தால் தாமரை இதழ் மாதிரி ஒரு கூம்பு. ஒரு கூம்பின் பாதியை அடுத்தது மறைக்கிற மாதிரி அடுக்கிக்கொண்டே போய், வாழைமரத் துண்டைச் சுற்றிச் செருகுகிறார். அவர் குண்டூசி போடுவதில்லை. மூங்கில் குச்சியைச் சீவி முள்ளாக்கிக் குத்துகிறார். உரத்துக்குப் போகிற பொருளில் இரும்பு இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் ஸ்டேப்ளர்களையெல்லாம் பூட்டி வைத்துவிட்டேன். நடுவில் செண்டுமல்லி, வாடாமல்லி, எருக்கம்பூ. எருக்கைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பிள்ளையார் நினைவு வரும், வரட்டும். கடைசியாக ஒரு மெழுகுவர்த்தி, மூன்று ஊதுபத்தி.

முடியும் நகமும் துண்டு வெட்டி வைக்கும் வழக்கம் உண்டு. பழைய துன்பம் அதோடு போகும் என்ற நம்பிக்கை. அது அவரவர் விருப்பம். காசு மட்டும் வைக்க வேண்டாம். அந்தச் சில்லறையை எடுக்கத்தான் சிறுவர்கள் இருட்டில் தண்ணீரில் இறங்குகிறார்கள். இந்த நாட்டில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயிரை அதிகம் பறிக்கும் காரணங்களில் முதன்மையானது நீரில் மூழ்குவது. நம் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் தெரியாது. படகுத்துறைப் பலகைகளில் கூட்டம் சேரும் இடத்தை விட்டுவிடுங்கள். லும்பினி, பெஞ்சசிரி போன்ற மாநகராட்சிப் பூங்காக்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை. தண்ணீர் ஓரத்தில் பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்க வேண்டும், போன் பையில் இருக்க வேண்டும்.

சில குடும்பங்கள் சியாங் மாய் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே இதே பௌர்ணமியை யீ பெங் என்று கொண்டாடுகிறார்கள். வடக்கு லான்னா நாட்காட்டி இரண்டு மாதம் முந்தி ஓடுவதால் அவர்களுக்கு இது இரண்டாம் மாதம். வானத்தில் விடும் காகித விளக்குகளைப் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். அனுமதித்த இடத்தில், அனுமதித்த நேரத்தில் மட்டும்தான் விடலாம். அந்த மாலைகளில் சியாங் மாய் விமானங்கள் பல ரத்தாகும் அல்லது நேரம் மாறும், டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், வாட் பான் தாவ் போன்ற பழைய கோயில்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். பாங் ப்ரதீப் என்ற சின்ன மண்விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள், நம் அகல் விளக்கேதான். மேலே போன காகித விளக்கு யாருடைய கூரையிலாவது விழும். இந்த விளக்கால் யாருக்கும் தொல்லை இல்லை. தாக் நகரத்துக்குப் போகிறவர்கள் பிங் ஆற்றில் கொட்டாங்குச்சியில் மெழுகு ஊற்றித் திரி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் விளக்கு விடுவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்து வருகிற பிள்ளைகள் வகுப்பில் வந்து சொல்ல வேண்டும், தமிழில்.

முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் தனியாகப் பேசினீர்கள். உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன். வகுப்பில் நடப்பது கைவேலை மட்டும். அங்கே எதையும் தண்ணீரில் விடப்போவதில்லை, வழிபாடும் இல்லை. மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் இல்லாமல் இலையும் பூவும் மட்டும் வைத்துச் செய்து, மேசை அலங்காரமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதுவும் வேண்டாம் என்றால், அந்த நேரத்தில் நூலகத்தில் வாசிப்பு உண்டு. எந்தப் பிள்ளையையும் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

கைவேலை முடிந்ததும் மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்டவர்கள் தண்ணீருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுவார்கள். ஐந்து வரி போதும். வீட்டில் எந்தக் குழாயைத் திறந்து விட்டோம், எந்தக் கால்வாயில் எதைப் போட்டோம் என்று பிள்ளைகள் உங்களைக் கேட்டு வருவார்கள். மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

கொடுத்தனுப்ப வேண்டியவை: முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஈரத்துணி ஒன்று, கிரதோங்கை வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு அட்டைப்பெட்டி. வாழைத்தண்டு, இலை, பூ எல்லாம் பாக் க்லோங் பூச்சந்தையிலிருந்து நாங்களே வாங்கிவிடுகிறோம். சனிக்கிழமை அதிகாலை சந்தைக்கு வரவும், வெட்டி வைக்கவும் நான்கு பெற்றோர் தேவை. முடிந்தவர்கள் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். ஞாயிறு காலை 9.30-க்கு வகுப்பு தொடங்கும், 12 மணிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்