பணம் வேண்டாம், புரோகிராமைத் திருத்தி அனுப்பு

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல். போனில் லேத் பேச்சை எடுத்தாலே "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதிவிடுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

ரெடிமேடாக ஒரு சி.என்.சி. மர லேத், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி மரம் கடைகிற மிஷின், வாங்கித் தருகிறேன், இந்த வயதில் வெல்டிங் புகையில் நிற்காதீர்கள் என்று மெசேஜ் போட்டிருந்தாய். மனசு நிறைந்தது, ஆனால் பணத்தை அனுப்பாதே. வாங்கின மிஷினில் ஒரு போர்டு போனால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் மலையேறி வர வேண்டும். ஐப்பசி மழையில் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால் அவர் மேட்டுப்பாளையத்தோடு திரும்பிவிடுவார், மிஷின் இங்கே சும்மா நிற்கும். டீ பேக்டரியில் பிட்டராக இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது இதுதான். மலையில் ஓடுகிற எந்த மிஷினையும் மலையில் இருக்கிறவனே கழற்றி மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது என் பட்டறையில் நானே கட்டி நிறுத்தியிருக்கிற லேத்தில் எந்த போல்ட் எதற்கு என்று எனக்குத் தெரியும். போர்டு போனாலும் கவலை இல்லை. அது ஆர்டுயினோ ஊனோ என்கிற சின்ன கண்ட்ரோல் போர்டு, ஒன்று உபரியாக டிராயரில் கிடக்கிறது.

அந்த ஆர்டுயினோவில் ஓடுவது ஜி.ஆர்.பி.எல். என்கிற இலவச சாப்ட்வேர். 2009-இல் நார்வேக்காரர் ஒருவர் தொடங்கியது. உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் புதுசு. சிப்பின் மொத்த மெமரியே 32 கிலோபைட். பேரன் அனுப்புகிற ஒரு போட்டோவுக்குக்கூட அது காணாது, ஆனால் அதற்குள் உட்கார்ந்துகொண்டு இரண்டு மோட்டாரை ஒரே நேரத்தில் வளைவாக நடக்க வைக்கிறது. இதை எழுதிய ஆள் நேரில் கிடைத்தால் நம் தோட்டத்து டீத்தூள் ஒரு கிலோ கொடுப்பேன்.

மிஷினைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் புரோகிராம் எழுதுகிறவளுக்கு அது தெரிய வேண்டும். பெட், உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடுத்த லேத் பெட். வார்ப்பு இரும்பு. புது சேனலை வெல்ட் பண்ணிச் செய்தால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும், அதை நேராக்கவே ஒரு மிஷின் வேண்டும். இது வார்த்து எத்தனையோ வருஷம் ஆகி, முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கி முடித்து அமைதியாகிவிட்ட இரும்பு. ரசமட்டம் வைத்தால் குமிழி அசைவதில்லை. சுற்றுவதற்கு ஒரு எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் பேஸ்தான், அதனால் நடுவில் அதை த்ரீ பேஸாக மாற்றித் தருகிற ஒரு வி.எப்.டி. பெட்டி வைத்திருக்கிறேன். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதிலேயே.

நீளவாட்டில் போவது இசட், உள்ளே வெளியே போவது எக்ஸ். இரண்டுக்கும் நெமா 23 அளவு ஸ்டெப்பர், அதாவது ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றுகிற மோட்டார், அதோடு 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாரை ஓட்டுகிற டிரைவர் போர்டில் அதை எட்டாகப் பிரித்திருப்பதால் 1600. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும். ஆக ஒரு மி.மீ.க்கு 320 ஸ்டெப். செட்டிங்கில் இரண்டு அச்சுக்கும் அந்த 320-தான் போட்டிருக்கிறேன். கணக்குப்படி ஒரு ஸ்டெப் 0.003 மி.மீ. சொச்சம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டறைக்குள் ஒரு சாயங்காலம் மஞ்சு இறங்கினால் மரம் அதைப்போலப் பல மடங்கு உப்பிவிடும். அதனால் நீ புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் எழுதி அனுப்பும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு இலக்கம் போதும், தாராளம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். "உங்க கைக்கு எதுக்குப்பா கம்ப்யூட்டர்?" என்றாய்.

என் கை கடைசல் கை இல்லை, பாப்பா. நான் இரும்பில் பழகியவன். சி.டி.சி. ரோலர் உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் பேக்டரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். இரண்டு ரோலர் எதிரெதிரே சுற்றும். ஒன்று நிமிஷத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. நடுவில் மாட்டுகிற இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு விழும். பல் மழுங்கினால் டிக்காஷனில் நிறமும் இருக்காது, கடுப்பும் இருக்காது. ரோலரைக் கழற்றி லேத்தில் ஏற்றிப் பல்லை மறுபடி வெட்டித் தீட்ட வேண்டும், எல்லாப் பல்லும் ஒரே ஆழத்துக்கு. ஒரே வேலையை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்ய மிஷினைப் பிடிப்பதுதான் நான் கற்ற தொழில். மரத்துக்கு வந்ததால் அது மாறிவிடாது.

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவை ஓம்ஸ்டே ஆக்குகிறார்கள். மாடிப்படிக் கைப்பிடியில் கடைசல் கால்கள் பாதி உளுத்துவிட்டன. 36 வேண்டும், எல்லாம் பழசு மாதிரியே. மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆசாரி இருக்கிறார், என்னைவிட மூத்தவர். அவர் கடைந்து கொடுத்த மாதிரிக் கால் என் மேசை மேல் நிற்கிறது. இப்படி ஒன்று கேள், மணியாகக் கடைந்து தருவார். 36 கேட்டால் "தோள்பட்டை கேக்க மாட்டேங்குது" என்கிறார். முதல் ஒன்று அவர் கை, மீதி மிஷின் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்தது அப்படித்தான்.

மாதிரியைப் பார்த்து மிஷின் கடைவது ஒன்றும் புதுசும் இல்லை. அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்ட் என்பவர் 1819-லேயே துப்பாக்கிக் கட்டைக்கு இப்படி ஒரு லேத் செய்து பேடண்ட் வாங்கியிருக்கிறார். மாதிரிக் கட்டை மேல் ஒரு சக்கரம் உருளும், அது ஏறி இறங்குகிறபடி வெட்டுச் சக்கரமும் புது மரத்தில் ஏறி இறங்கும். நம்முடையதில் மாதிரிக் கட்டைக்குப் பதில் நீ எழுதி அனுப்புகிற புரோகிராம் பைல். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பைலைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். போன வாரம் நீ அனுப்பியதைக் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) கட்டையில் ஓட்டினேன். அளவில் குறையே இல்லை. காலிப்பர் வைத்துப் பார்த்தேன், குமிழுக்குக் குமிழ் சரி. ஆனால் விரலை வைத்தால் ஒவ்வொரு குமிழிலும் இடப்பக்கம் வழவழவென்று இருக்கிறது, வலப்பக்கம் சொரசொரவென்று நார் கிளம்பியிருக்கிறது. இரண்டு இடத்தில் சில்லே பெயர்ந்துவிட்டது. கட்டையைத் தூக்கிக்கொண்டு ஆசாரியிடம் போனேன். கையில் வாங்கி ஒரு திருப்புத் திருப்பினார். "மேட்டுலருந்து பள்ளத்துக்கு எறங்கணும். இது பள்ளத்துலருந்து மேட்டுக்கு ஏறியிருக்கு" என்றார். மிஷினை அவர் பார்த்ததே இல்லை.

காரணம் இதுதான். நார் கட்டையின் நீளத்துக்கு ஓடுகிறது. பருத்த இடத்திலிருந்து ஒல்லி இடத்துக்கு டூல் இறங்கும்போது, வெட்டுப்படுகிற ஒவ்வொரு நாருக்கும் அடியில் அதைவிட நீளமான நார் ஒன்று தாங்கி நிற்கும். அதனால் வெட்டுச் சுத்தமாக விழும். ஒல்லியிலிருந்து பருமனுக்கு ஏறினால் முனை நாரின் அடியில் நுழைந்து தூக்குகிறது. பின்னால் தாங்க ஆளில்லை, கிழிகிறது. உன் சாப்ட்வேர், கட்டையின் வலது நுனியைத் தாங்குகிற டெயில்ஸ்டாக்கிலிருந்து இடது நுனியைப் பிடிக்கிற சக் வரை வலமிருந்து இடமாக ஒரே மூச்சில் ஒரு கோடு போட்டுவிட்டது. அது இரும்புக்குச் சரி. இரும்பில் நார் கிடையாது, நானும் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் ஓட்டினேன். மரத்துக்கு ஒவ்வொரு குமிழின் உச்சியிலிருந்தும் ஒரு தடவை இடப்பக்கம் இறங்க வேண்டும். டூலை வெளியே இழுத்து மறுபடி உச்சிக்கு வந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். நேரம் கூடும். கூடட்டும், யார் துரத்துகிறார்கள்? டூல் போகிற வழியைப் போட்டுத் தருகிற எந்த கேம் (CAM) சாப்ட்வேரிலும் இதற்கு ஒரு பட்டன் இருக்குமா என்று தேடாமல், நீயே பைதானில் சின்னதாக எழுதிவிடு. உச்சிகளும் பள்ளங்களும் உள்ள அட்டவணையைத் தனியாக அனுப்புகிறேன், மாதிரிக் காலில் டயல் வைத்து அளந்தது.

இன்னொன்று. ஆசாரி உளியைப் பிடிக்கும்போது கவனித்தால், உளியின் சாய்வுப்பக்கம் மரத்தை உரசிக்கொண்டே இருக்கும். வளைவு திரும்பத் திரும்ப அவர் மணிக்கட்டும் திரும்பும், இடுப்பும் கூடவே நகரும். சீவல் நாடா மாதிரி வரும். நம் மிஷினில் டூல் ஒரே பக்கம் முகம் காட்டி நிற்கிறது, சுரண்டத்தான் முடியும், சீவ முடியாது. அதற்காகத்தான் டூலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிரிம்மரை, அதாவது தானே சுற்றி மரத்தை வெட்டுகிற சின்ன கை ரவுட்டரை, மாட்டுகிறேன். அதுவே 30,000 ஆர்.பி.எம். சுற்றும். மரம் 100 சுற்று சுற்றினால் போதும். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. என்று நகர்த்தினால் நிமிஷத்துக்கு 200 மி.மீ., 700 மி.மீ. கால் ஒரு பாஸுக்கு மூன்றரை நிமிஷம். கட்டை மேல் அழுத்தமும் குறைவு. 50 மி.மீ. பருமனில் இத்தனை நீளம் என்றால் நடுவில் வளைந்து உதறும், அந்தத் தொல்லையும் இதில் குறையும்.

அதில் மாட்டுகிற வெட்டு பிட் 6 மி.மீ. உருண்டை மூக்கு. ஆகவே நீ வளைவின் மேலேயே கோடு போடாதே, ஒவ்வொரு புள்ளியிலும் வளைவுக்குச் செங்குத்தாக 3 மி.மீ. வெளியே தள்ளிப் போடு. அந்த மூக்கு நுழையாத இடம் இரண்டு இருக்கிறது, கழுத்துக்குக் கீழே ஊசி மாதிரி வெட்டிய கோடுகள். அவற்றை விட்டுவிடு. ஆசாரி சாய்வு உளி கொடுத்திருக்கிறார், நான் கையால் போட்டுக்கொள்கிறேன். எக்ஸ் அளவையும் ஆரமாகவே எழுது. இந்த ஜி.ஆர்.பி.எல்.லுக்கு விட்டக் கணக்கு தெரியாது. 50 என்று எழுதினால் 50-க்கே போய் நிற்கும்.

அம்மா உன்னிடம் புகார் சொல்லியிருப்பாள் என்று தெரியும், அதற்கும் பதில். சிவப்பு எமர்ஜென்சி பட்டன் வைத்தாயிற்று. அது கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்காது, காண்டாக்டர் என்கிற பெரிய மின் சுவிட்சை விடுவித்து மெயினையே வெட்டிவிடும். கண்ணாடியும் மாஸ்க்கும் போடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. எத்தனை குளிராக இருந்தாலும் பட்டறைக்குள் மப்ளர் கிடையாது, ஸ்வெட்டர் கையையும் முழங்கைக்கு மேலே ஏற்றிவிடுகிறேன். சுற்றுகிற கட்டையில் ஒரு நூல் மாட்டினால் போதும், மிச்சம் எல்லாம் பின்னாலேயே போகும். பேரன் வந்தால் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், இப்போதே சொல்லி வை. கண்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிகிறது, ஈரம் கோக்காமல் இருக்க. பேக்டரி பேனலிலும் இப்படித்தான் சூடு கொடுத்து வைத்திருப்போம். கரண்ட் பில்லைப் பார்த்து அம்மா முணுமுணுப்பது அந்தப் பல்புக்காகத்தான்.

மரத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். கால்களுக்கு மேட்டுப்பாளையத்தில் பில்லோடு வாங்கிய தேக்கு. இங்கே சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டுவதானாலும் 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரச் சட்டப்படி கமிட்டி அனுமதி வேண்டும், அந்த அலைச்சல் எனக்கு வேண்டாம். பழகுவதற்குக் கற்பூர மரமும், பக்கத்துத் தோட்டத்தில் அனுமதி வாங்கிக் கவாத்து பண்ணிய சில்வர் ஓக் கிளைகளும் கிடக்கின்றன. சில்வர் ஓக்கை ஆசாரி மதிப்பதில்லை, பெட்டி அடிக்கிற மரம் என்பார். எனக்கு அதில் ஓடுகிற பூவேலை பிடித்திருக்கிறது. பேரனுக்குப் பம்பரம் அதில்தான் கடையப் போகிறேன். அரக்குச் சாயம் மட்டும் கையால்தான். சுற்றுகிற கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே உருகிப் பிடிக்கும், அப்புறம் தாழை ஓலையால் தேய்த்தால் மினுங்கும். எவ்வளவு அழுத்துவது என்பதை எந்தப் பைலிலும் எழுத முடியாது என்று நினைக்கிறேன். முடியும் என்றால் வந்து காட்டு.

பொங்கலுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டாயா? மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு நானே வந்துவிடுகிறேன், பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். வருவதற்கு முன்னால் ஒருநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஷீல்டு போட்ட வயர் 10 மீட்டர் வாங்கி வா. வி.எப்.டி. ஓட ஆரம்பித்ததும், எல்லையைத் தொட்டால் மிஷினை நிறுத்துகிற லிமிட் சுவிட்ச் யாரும் தொடாமலேயே தொட்டதாகப் பொய் சொல்லி மிஷினை நிறுத்திவிடுகிறது. மோட்டார் வயரையும் சுவிட்ச் வயரையும் தனித்தனி வழியில் இழுத்துவிட்டேன், பாதி அடங்கியது. மீதிக்குத்தான் இந்த வயர். 2 கோர் போதும். கடைக்காரர் 4 கோர்தான் இருக்கிறது என்பார், பேச்சுக் கொடுக்காமல் அடுத்த கடைக்குப் போ.

அன்புடன்,
அப்பா