எல்லாமே போர்க்கப்பல்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘போர்க்கப்பல்களின் முடிவு’ கட்டுரையைப் படித்தேன். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன்; சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பெயர். கட்டுரையில் ஜப்பானின் யமாட்டோவும் போர்க்கப்பல், 1914இல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மனியின் எம்டனும் போர்க்கப்பல். அன்றைக்கே உங்கள் மூன்றாம் பக்கத்தில் ‘புதிய போர்க்கப்பல் கடற்படையில் சேர்ப்பு’ என்று செய்தி! எம்டன் சுமார் 3,600 டன் எடையுள்ள சின்ன க்ரூஸர். ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம்தான் அதைப் பெரிதாக்கிவிட்டோம். யமாட்டோவின் மூன்று பீரங்கி மேடைகளில் ஒன்று மட்டுமே சுமார் 2,500 டன். ஒழிந்துபோனது, கனத்த கவசமும் பெரிய பீரங்கிகளும் கொண்ட பேட்டில்ஷிப் என்கிற அந்த ஒரு ஜாதிதான். நல்ல தமிழ்ச்சொல் கிடைக்கும்வரை பேட்டில்ஷிப் என்றே எழுதுங்கள், தப்பில்லை.

அடுத்தது காரணம். விமானங்கள் சுலபமாக மூழ்கடித்ததால் பேட்டில்ஷிப்பைக் கைவிட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர். 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் மூழ்கியதை உதாரணம் காட்டுகிறார். சரி, பயங்கரமான நாள்தான். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் படையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடது பக்கத்து வெளிப் புரொப்பல்லர் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) வெடித்தது. கோணலாகிப்போன தண்டு சுழலச் சுழல, அது போகும் வழியிலிருந்த அடைப்புகள் கிழிந்து எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் போனது. விமான எதிர்ப்பு பீரங்கிகள் பலவற்றைத் திருப்பக்கூட முடியவில்லை. இரண்டு கப்பல்களிலும் சேர்த்து 840 பேர் செத்தார்கள்.

ஆனால் சுலபமாக மூழ்குவதுதான் குற்றம் என்றால், விமானந்தாங்கிக் கப்பல் அல்லவா முதலில் ஒழிந்திருக்க வேண்டும்? 1942 ஜூனில் பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டையில் ஜப்பானுக்கு நான்கு விமானந்தாங்கிகள் போயின, அமெரிக்காவுக்கு யார்க்டவுன் போனது. இருந்தும் இரண்டு நாடுகளும் மேலும் மேலும் அதைத்தான் கட்டின. ஏனென்றால் அது அடிவாங்கினாலும், அதன் விமானங்கள் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய் அடிக்கும். யமாட்டோவின் 46 செ.மீ. பீரங்கி எட்டியது 42 கிலோமீட்டர். 1945 ஏப்ரல் 7 அன்று ஒகினாவாவை நோக்கிய கடைசிப் பயணத்தில் எதிரிக் கப்பல் மீது ஒரு குண்டு சுடக்கூட அதற்கு வாய்க்கவில்லை. என்னைக் கேட்டால், கவசம் தோற்கவில்லை, கை எட்டவில்லை.

1991 வளைகுடாப் போரை கட்டுரையாளர் ஏன் விட்டாரோ தெரியவில்லை. அமெரிக்க பேட்டில்ஷிப்புகளான மிசௌரியும் விஸ்கான்சினும் அதில் பீரங்கியும் சுட்டன, டோமஹாக் ஏவுகணையும் விட்டன. ஆயிரத்து ஐந்நூறு பேருக்குமேல் சாப்பாடு போட்டு ஓட்டும் கப்பல்கள் அவை. அதே ஏவுகணையை முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் டெஸ்ட்ராயர் என்கிற சிறிய கப்பலும் விடும் என்றால், கணக்குப் பார்க்கும் அதிகாரி என்ன செய்வார்? அடுத்த வருடமே மிசௌரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தப் படம். கீழே ‘யமாட்டோ’ என்று போட்டிருக்கிறீர்கள். முன்மேடையில் நான்கு குழல், அதற்குப் பின்னால் சற்று உயரத்தில் இரண்டு குழல் தெரிகிறது. யமாட்டோவுக்கு மேடைக்கு மூன்று. நீங்கள் போட்டிருப்பது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், அல்லது அதன் உடன்பிறப்புகளில் ஒன்று.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
தூத்துக்குடி.