என்ஆர்இ கணக்கை முடக்கிவிட்டு "நேரில் வாருங்கள்" என்று சொல்வது பற்றிய புகார்

பெறுநர்
முதன்மைக் குறைதீர் அலுவலர்,
வங்கித் தலைமை அலுவலகம்.

நகல்: மேலாளர், மன்னார்குடி கிளை

பொருள்: மறு கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளம், முகவரியை மறுபடி சரிபார்ப்பது) என்ற பெயரில் என் என்ஆர்இ கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாமல் நிறுத்தியது, அதனால் திரும்பிய வீட்டுக் கடன் தவணை, உங்கள் அழைப்பு மைய ஊழியரின் பேச்சு ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். அலைந்து அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். செயலியில் புகார் போட்டேன், "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பினேன், "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், தங்கள் கிளையை நேரில் அணுகவும்" என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. யார் எழுதினாலும் அதே பதில்தான் போலிருக்கிறது. இந்தக் கடிதத்தையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்புகிறேன்.

நான் இருப்பது ருவைஸில். அபுதாபி நகரத்திலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டர். சுத்திகரிப்பு ஆலையில் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்தில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக வேலை. என் கணக்கு என்ஆர்இ கணக்கு. அதாவது இந்தியாவில் குடியிருக்காதவனுக்கான கணக்கு. அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, விற்றதே நீங்கள்தான். எங்கள் கேம்ப் மெஸ் வாசலில் மேசை போட்டு, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்து, பாஸ்போர்ட்டையும் எமிரேட்ஸ் ஐடியையும் நீங்களே போட்டோ எடுத்துக்கொண்டு, அன்றைக்கே படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போனீர்கள். "சார் நீங்க எங்கேயும் வர வேண்டாம், எல்லாம் இங்கேயே முடிஞ்சிரும்" என்றார் வந்தவர். கணக்கு திறக்க ருவைஸ் வரை வர முடிந்த வங்கிக்கு, அதே கணக்கைத் திறந்துவிட மட்டும் நான் மன்னார்குடிக்கு வர வேண்டுமாம்.

மறு கேஒய்சி செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது ரிசர்வ் வங்கி விதி, தெரியும். அதிக அபாயம் உள்ளவருக்கு 2 வருடத்துக்கு ஒரு முறை, நடுத்தரம் என்றால் 8 வருடம், குறைந்த அபாயம் என்றால் 10 வருடம். என்னை எந்த வகையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. மாதாமாதம் ஒரே தேதியில், பணம் அனுப்பும் ஒரே எக்ஸ்சேஞ்ச் வழியாகச் சம்பளம் வருகிற கணக்கில் என்ன அபாயத்தைக் கண்டீர்கள்? முன்கூட்டியே குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது தபால் கடிதமாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. என் மன்னார்குடி வீட்டுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. எனக்கு விஷயம் தெரிந்ததே வீட்டுக் கடன் தவணை திரும்பிய பிறகுதான்.

கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நிறையவே இருந்தது. பணம் உள்ளே வருவதை நீங்கள் நிறுத்தவில்லை, வெளியே போவதை மட்டும்தான் நிறுத்தினீர்கள். எலிப்பொறி மாதிரி. அந்த மாதச் சம்பளமும் அதற்குள்தான் போய் விழுந்தது. தவணை திரும்பியதற்கு 500 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 590 ரூபாய் எடுத்தது யார் தெரியுமா? நீங்கள்தான். பூட்டியதும் நீங்கள், பூட்டியிருந்ததற்குத் தண்டம் போட்டதும் நீங்கள். நான் எடுக்க முடியாத கணக்கிலிருந்து உங்களுக்கு மட்டும் எடுக்க வருகிறது.

இப்போது அந்தத் தொலைபேசி ஊழியரைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன், உங்கள் பதிவில் இருக்கும். "பயிற்சிக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்களே ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். 1800 எண்ணுக்கு இங்கிருந்து லைன் கிடைக்காது என்பதால் நான் ஐஎஸ்டியில் சொந்தக் காசு போட்டுப் பேசினேன். இந்திக்கு இதை அழுத்து, ஆங்கிலத்துக்கு அதை அழுத்து, தமிழ் கடைசியில். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. எடுத்தவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "வெளிநாட்டுல சம்பாதிக்கிறீங்க, ஒரு டிக்கெட் போட்டு வந்துட்டுப் போக முடியாதா சார்?" பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. தம்பி, ஆலையை நிறுத்திப் பராமரிக்கிற ஷட்டவுன் நேரத்தில் எங்களுக்கு லீவு கிடையாது, வந்தால் வேலை போய்விடும் என்றேன். "அது உங்க பர்சனல் சார்" என்று வைத்துவிட்டார்.

வீடியோ கேஒய்சி செய்யலாமே என்றுதானே கேட்பீர்கள்? அதையும் பார்த்தாயிற்று. உங்கள் செயலி என் இருப்பிடத்தைப் பார்த்துவிட்டு "நீங்கள் இந்தியாவுக்கு வெளியே இருக்கிறீர்கள்" என்று மூடிக்கொள்கிறது. வீடியோ வழி அடையாளச் சரிபார்ப்பில் வாடிக்கையாளர் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது விதி, அதில் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டில் இருப்பவனுக்கென்றே இருக்கிற கணக்கின் செயலியில் முதல் வழியாக அதைக் காட்டி, என்னை அரை மணி நேரம் உட்கார வைத்து, கடைசித் திரையில் அதைச் சொல்வது என்ன நியாயம்? இதற்கு இன்னொரு ஊழியர் கொடுத்த யோசனையைக் கேளுங்கள். "சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்டா மாத்திட்டீங்கன்னா ஈசியா முடிஞ்சிரும் சார்." ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுவாழ் இந்தியர் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்கு வந்த முதல் வருடத்தில் கேம்பில் பக்கத்துக் கட்டில்காரர் எனக்குச் சொன்ன பாடம் இது. உங்கள் ஊழியருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சரி, தபாலில் அனுப்புகிறேன் என்று முடிவு செய்தேன். தூதரக முத்திரை வேண்டும் என்றீர்கள். லீவு போட்டு, சம்பளப் பிடித்தத்தோடு, விடியற்காலை பஸ்ஸில் அபுதாபிக்குப் போனேன். தூதரகச் சேவை மையத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, குறை ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட் நகல், எமிரேட்ஸ் ஐடி நகல், எல்லாவற்றிலும் முத்திரை வாங்கி, அங்கிருந்தே கூரியர் போட்டுவிட்டு இரவு கேம்புக்குத் திரும்பினேன். மெஸ் மூடியிருந்தது.

பதில் வந்தது, நிராகரிப்பு. ஏன் தெரியுமா? "பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட விசாப் பக்கம் இணைக்கப்படவில்லை." ஐயா, அமீரகத்தில் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள். எமிரேட்ஸ் ஐடிதான் இப்போது குடியிருப்பு ஆதாரம். இல்லாத பக்கத்துக்கு நான் எங்கே போவேன்? அதோடு இரண்டாவது காரணம், "அஞ்சல் பெட்டி எண்ணை முகவரியாக ஏற்க இயலாது." இந்த நாட்டில் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாருக்கும் அஞ்சல் பெட்டிதான், எனக்குக் கம்பெனியின் பெட்டி. மின்கட்டண ரசீது கொடு என்கிறீர்கள். கேம்பில் ஒரு அறையில் நாங்கள் நான்கு பேர், இரண்டு அடுக்குக் கட்டில்கள், ஆளுக்கு ஒரு இரும்பு அலமாரி. மின்கட்டணம் யார் பெயரில் வரும் என்று நினைக்கிறீர்கள்? கம்பெனி கடிதம் கொடுத்தேன், அது லெட்டர்ஹெட்டில் இருந்தும் "சரிபார்க்க இயலவில்லை" என்றுவிட்டீர்கள். கம்பெனி எண்ணைக் கூப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை, எச்ஆரிடம் கேட்டுவிட்டேன்.

அந்த அபுதாபி பயணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எமிரேட்ஸ் ஐடி போதுமா, அஞ்சல் பெட்டி செல்லுமா என்று போவதற்கு முன்பே உங்களுக்கு மின்னஞ்சலில் கேட்டேன். "கிளையை நேரில் அணுகவும்" என்றுதான் பதில் வந்தது. அபுதாபியில் மட்டும் நம்மவர் எத்தனை பேர் வேலை பார்க்கிறோம்! அத்தனை பேரிடமும் கணக்குத் திறந்த வங்கிக்கு இந்த ஊரில் தபால் எப்படிப் போகும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கணக்குத் திறந்தீர்கள், அப்போது இதே அஞ்சல் பெட்டி எண்தான் படிவத்தில் இருந்தது.

கிளைக்கு என் மனைவியை அனுப்பினேன். என் சார்பில் கணக்கைக் கவனிக்க அவர் பெயரில் மேண்டேட் கொடுத்திருக்கிறேன், உங்கள் படிவத்தில்தான். கவுன்டரில் இருந்தவர் அதை வாங்கிக்கூடப் பார்க்காமல் "இது என்ஆர்ஐ டிபார்ட்மென்ட், நாங்க தொட முடியாது, சார் வரணும்" என்றாராம். மறுபடி போனபோது மதிய நேரம், அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் என் மனைவி பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அழைத்துவர வேண்டியிருந்ததால் எழுந்து வந்துவிட்டார். அந்த மாதத் தவணையை மறுபடி கட்டக் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. சொந்தக் கணக்கில் பணம் கிடக்கும்போது அடகு வைக்கிற நிலைமை எந்தக் குடும்பத்துக்கு வரும்? அக்கம்பக்கத்தில் "துபாய்ல இருக்காரே, காசு அனுப்பலையா" என்று கேட்கிறார்கள். இத்தனை வருடம் உழைத்துச் சேர்த்த மரியாதை ஒரே மாதத்தில் மண்ணாய்ப் போனது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், விட்டுப்போய்விடும். கணக்கு முடங்கியிருந்த நேரத்தில் என் என்ஆர்இ டெபாசிட் ஒன்று முதிர்ந்தது. அந்தப் பணத்தை வீட்டு வேலைக்கு எடுக்க வைத்திருந்தேன். எடுக்க முடியாததால் அதுவாகவே புதுப்பித்துவிட்டது. இப்போது உடைத்தால் ஒரு வருடம் ஆகாத என்ஆர்இ டெபாசிட்டுக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. விட்டால் என் மேல்மாடி வேலை பாதியில் நிற்கும். இந்த நஷ்டத்தையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் அறையில் இருப்பவர்கள் வங்கிக்குப் போகாமல் உண்டியலில் (ஹவாலாவில்) போடுகிறார்கள். காலையில் கொடுத்தால் மாலையில் வீட்டில் காசு. நான்தான் சட்டப்படி போக வேண்டும், ரசீது இருக்க வேண்டும் என்று வங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அவர்கள் சிரிக்கிறார்கள், உங்கள் ஊழியரும் சிரித்தார்.

உங்கள் சிரமம் புரிகிறது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள், ரிசர்வ் வங்கிக் கெடுபிடி, எல்லாம் இருக்கும். கோபத்தில் ஏதாவது மிகையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய விஷயம் இல்லை. தூதரக முத்திரையோடு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற எமிரேட்ஸ் ஐடி நகலையும் கம்பெனி கடிதத்தையும் ஏற்றுக்கொண்டு கணக்கைத் திறந்துவிடுங்கள். எடுத்த 590 ரூபாயைத் திருப்பிப் போடுங்கள். டெபாசிட்டை முதிர்ந்த தேதியிலேயே முடித்ததாகக் கணக்கிட்டுக் கொடுங்கள். தவணை திரும்பியது வாடிக்கையாளர் பணம் வைக்காததால் இல்லை, வங்கி நிறுத்தி வைத்ததால்தான் என்று கடன் கொடுத்த வங்கிக்குக் காட்டுவதற்கு எழுத்தில் ஒரு கடிதம் வேண்டும். கடன் வரலாற்றைப் பதிவு செய்கிற சிபிலில் ஒரு தாமதம் ஏறினால் அதை இறக்க நான் படப்போகும் பாடு உங்களுக்கே தெரியும். அப்புறம் அந்தத் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தொலைபேசியில் போதும்.

இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் இருக்கிறது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்கிற புகார் தளத்தில் புகார் போய்விடும். அங்கே மன உளைச்சலுக்கும் வீணான நேரத்துக்கும்கூட ஈடு கேட்கலாம், நஷ்டம் தனி. எப்படிக் கணக்குப் பார்த்தாலும் என் நஷ்டம் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. ஐஎஸ்டி பில், கூரியர் ரசீது, பஸ் டிக்கெட், அடகுச் சீட்டு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த மெஸ் வாசலில் உங்கள் ஆட்கள் அடுத்த முறை மேசை போட்டால் நானும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தயவுசெய்து அந்த நிலைமைக்கு விடாதீர்கள். கணக்கை மூடிவிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் என்ஆர்இ வாடிக்கையாளர்,
ருவைஸ், அபுதாபி.

இணைப்பு: வாடிக்கையாளர் எண், நிராகரிப்பு மின்னஞ்சல்கள், தூதரக முத்திரையிட்ட நகல்கள், தவணை திரும்பிய அறிவிப்பு.

பி.கு.: என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் இந்திய நேரம் இரவு எட்டரைக்கு மேல் கூப்பிடுங்கள். ஆலைக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டுவிட்டு "வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கவில்லை" என்று புகாரை மூடினீர்கள், ஓடிபியும் அதே நேரத்தில்தான் அனுப்பினீர்கள். இந்த முறை அப்படி மூட வேண்டாம்.