‘சிறிது தூரம்’ என்றால் எவ்வளவு தூரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் நீர்க்கரைச் சைக்கிள் பாதைகளைப் பற்றி நான்கு பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீர்கள். பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாவது பக்கத்துக்கு வந்தபோது இந்த வரி கண்ணில் பட்டது: ‘நடுவில் சிறிது தூரம் மட்டும் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டியிருக்கும், மற்றபடி வாகனமே வராத பாதை.’ அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை, மூடி வைத்துவிட்டேன். ராத்திரி மறுபடி எடுத்துப் பார்த்தேன், அப்போதும் ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதேபோல் உங்கள் இதழில் வந்த ஒரு கட்டுரையை நம்பித்தான் என் மகளை ஓர் ஆற்றங்கரைப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவளுக்குப் பத்து வயது. காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பொடிச் சரளை, நன்றாக இறுகியிருந்தது. டயருக்கு அடியில் அது நறநறவென்று அரைபடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே கிடையாது. நாணல் புதருக்குள்ளிருந்து ஒரு மீன்கொத்தி நேராகத் தண்ணீரில் விழுந்து எழுந்ததைப் பார்த்துவிட்டு அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள், அது போன பிறகும் ரொம்ப நேரம் நின்றாள். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லி முடித்தாள். சாலையில் குழந்தையோடு சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ‘ஓரமா வா, ஓரமா வா’ என்பதைத் தவிர வேறு எதையும் பேச முடியாது. அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டே பதினான்கு கிலோமீட்டர் போயிருந்தோம்.

பதினான்காவது கிலோமீட்டரில் ஒரு பாலத்துக்கு அடியில் பாதை நின்றுபோனது. மேட்டில் ஏறினால் நெடுஞ்சாலை. அடுத்த துண்டு எங்கே தொடங்குகிறது என்று ஒரு பலகைகூட இல்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தோம். பெரிய லாரி ஒட்டித் தாண்டும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், அடுத்த கணமே சக்கரத்துப் பக்கம் இழுக்கும். எனக்கே கை நடுங்கியது. அவள் அழவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அப்பா, இங்க வண்டியே வராதுன்னு சொன்னீங்களே?” என் மீட்டரில் அந்தத் தூரம் 2.6 கிலோமீட்டர். மறுபக்கம் பாதை பழையபடி அழகாகத்தான் தொடங்கியது, ஆனால் அவள் சைக்கிளில் ஏறவே மாட்டேன் என்றாள். திரும்பி வரவும் அதே 2.6 கிலோமீட்டர்தானே. அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னோடு சைக்கிளில் வெளியே வந்ததில்லை.

நாற்பது கிலோமீட்டரில் முப்பத்தேழு நன்றாக இருக்கிறதே என்று காரில் போகிறவர் கணக்குப் பார்க்கலாம். குழந்தையோடு போகிறவனுக்கு மிச்சமிருக்கும் மூன்று கிலோமீட்டர்தான் அந்தப் பாதையே. போவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் அவன் முடிவு செய்ய முடியும். அந்த எண்ணையே எழுதாமல் விட்டுவிட்டு ‘வாகனமே வராத பாதை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போடுவது சரிதானா என்று நீங்களே சொல்லுங்கள்.

சென்ற வருடம் இன்னொரு கட்டுரையில், இந்தப் பாதைகளுக்கு ஒரே குறை சரளைதான், தார் போட்டுவிட்டால் எல்லோரும் வருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்போதே எழுதினேன், நீங்கள் போடவில்லை. பரவாயில்லை, இப்போதாவது சொல்லிவிடுகிறேன். பயப்படுகிறவர்கள் வராமல் இருப்பதற்குக் காரணம் வண்டிகள்தான், சரளை இல்லை. உருண்டைக் கூழாங்கல்லைக் கொட்டிவிட்டுப் போனால் யார் ஓட்டினாலும் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். உடைத்த கல்லோடு கல்தூளும் சேர்த்து, நனைத்து, உருளை ஓட்டி, நடுவில் லேசாக மேடு வைத்துத் தண்ணீர் வடிய வழிவிட்டுப் போட்டால் அதில் குழந்தையும் ஓட்டலாம், சக்கர நாற்காலியும் போகும். நீங்கள் படம் போட்டிருந்த அந்தச் சேற்றுப் பள்ளம் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி வந்தது. கரையோர மரங்களின் வேர் தாருக்கு அடியில் புகுந்தால் அதைத் தூக்கி உடைத்துவிடும். சரளையில் அதே பழுது வந்தால் ஒரு மண்வெட்டியும் நாலு கூடைக் கல்லும் போதும். நான் 40 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஓட்டுகிறேன், என் வயதுக்கு முழங்கால் வலி தெரிவதில்லை. சரளையில் யாராலும் கண்மண் தெரியாத வேகத்தில் வர முடியாது என்பதால் நடப்பவர்களுக்கும் அது நிம்மதி.

அமெரிக்காவில் மிசௌரி ஆற்றை ஒட்டிப் பெரும்பகுதி தூரம் ஓடும் கேட்டி சைக்கிள் பாதை சுமார் 386 கிலோமீட்டர். பழைய ரயில் தடம், மேலே உடைத்த சுண்ணாம்புக்கல். நியூசிலாந்தில் 2000ஆம் ஆண்டு திறந்த ஒட்டாகோ பாதை 152 கிலோமீட்டர், அதுவும் ரயில் ஓடிய தடம்தான், அதுவும் சரளைதான். ரயில் ஏறிய சரிவு என்பதால் ஏற்றமும் தொல்லை தராது. இவற்றைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் போகிறார்கள். யாரும் சரளையைக் குறையாகச் சொல்லித் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

1954 கதை உங்களுக்குத் தெரியாததில்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து கம்பர்லேண்டு ஊர் வரை பொடோமாக் ஆற்றை ஒட்டிப் போகும் செசபீக் ஒஹையோ கால்வாய் 297 கிலோமீட்டர். கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த தடம் அதன் கரையில் இன்னும் இருக்கிறது. 1924இல் படகுப் போக்குவரத்து நின்றுபோனது. பிறகு அந்தக் கால்வாய்த் தடத்தில் கார் போகும் சாலை போடலாம் என்று ஒரு யோசனை வந்தபோது ஒரு பெரிய நாளிதழ் தலையங்கம் எழுதி ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் செய்தது என்ன? அந்த ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார், என்னோடு வந்து அந்தக் கரையில் நடந்து பாருங்கள் என்று. அந்த நாளிதழின் ஆசிரியர்களும் போனார்கள். முழுத் தூரமும் நடக்கவில்லை என்றாலும், நடந்த பிறகு தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். சாலை வரவில்லை, 1971இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாக ஆனது. கம்பர்லேண்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை இன்னும் 240 கிலோமீட்டருக்குப் பாதை போட்டார்கள். துண்டு துண்டாகத்தான் போட முடிந்தது, ஆனாலும் ‘சிறிது தூரம்தானே’ என்று யாரும் விட்டுவிடவில்லை, 2013இல் கடைசித் துண்டையும் இணைத்தார்கள். ஓர் ஆசிரியர் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்வது?

அப்புறம் அந்த வாசல் தடுப்புகள். மோட்டார் சைக்கிளைத் தடுக்க வளைத்து வளைத்துக் கம்பி வைத்திருப்பதைப் படம் போட்டு ‘நல்ல பாதுகாப்பு’ என்று எழுதினீர்கள். என் நண்பர் ஒருவருக்கு ஒரு கால் செயல்படாது. கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள்தான் வைத்திருக்கிறார். அப்படி ஒரு கம்பி வாசலில் அரை மணி நேரம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நானும் இன்னொருவரும் தூக்கிப் பார்த்தோம், முடியவில்லை. அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதே தடுப்பில் வண்டியைச் சாய்த்து வளைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் உள்ளே போய் வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டுக் கம்பம் நட்டாலே காரைத் தடுத்துவிடலாம். உங்கள் படங்களில் வருகிறவர்களோ எப்போதும் இருபத்தைந்து வயதில், பளபளக்கும் சைக்கிளில், தனியாகப் போகிறார்கள். என் நண்பரைப் போலவோ என் மகளைப் போலவோ ஒருவரை நான் அந்தப் பக்கங்களில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பல வருட வாசகன் என்ற உரிமையில் இது எனக்கு வருத்தம் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனிமேல் பாதையைப் பற்றி எழுதும்போது ஓரத்துக் கட்டத்தில் மூன்று விவரம் போடுங்கள்: தரை என்ன தரை, சாலையில் போக வேண்டிய தூரம் எத்தனை கிலோமீட்டர், வாசல் எவ்வளவு அகலம். சென்ற இதழில் விட்டுப்போன அந்த எண்ணை அடுத்த இதழில் போடுங்கள். எழுதியவர் அளக்கவில்லை என்றால் சொல்லுங்கள், நானே போய் அளந்து அனுப்புகிறேன்.

நான் மூடி வைத்த இதழை என் மகள் எடுத்துப் படித்திருக்கிறாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நேற்று வந்து கேட்டாள், “சிறிது தூரம்னா எவ்வளவுப்பா?” அவளிடம் சொல்வதற்கு எனக்கு அந்த எண் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்