மெட்டல் பத்தியும் ஒரு நாள் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இசைப் பக்கம்னாலே சினிமா பாட்டுதானா, மெட்டல்னு கிட்டாரும் டிரம்ஸும் அதிர அடிக்குற ராக் இசை கேக்குற தமிழ் ஆளுங்களும் சிங்கப்பூர்ல இருக்கோம் சார், அதான் எழுதுறேன்.

ஜெர்மனி பேண்டு பிளைண்ட் கார்டியன், 1980கள்ல ஆரம்பிச்சப்ப சும்மா வேகமா அடிச்சுத் தள்ளுனவங்க, 2002ல 'எ நைட் அட் தி ஓபரா'ங்குற ஆல்பம் போட்டப்போ குரலுக்கு மேல குரல், கிட்டாருக்கு மேல கிட்டார்னு அடுக்கிட்டாங்க, கடைசிப் பாட்டு மட்டும் 14 நிமிஷம், ஈசூன்ல எம்ஆர்டி ரயில் ஏறுனா பீஷான் வரைக்கும் அதே பாட்டுதான் ஓடும். முதல் தடவ கேட்டப்ப ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குள்ள மாட்டுன மாதிரி இருந்துச்சு, யாரு எங்க பாடுறாங்கன்னே புரியல, கடுப்பாயிட்டேன்.

நாலாவது தடவ ஹெட்போன்ல கேட்டப்பதான் அந்த கோரஸ் கூட்டத்துக்கு அடியில கிட்டார் தனியா ஒரு மெட்டு இழுத்துக்கிட்டே போறது காதுல விழுந்துச்சு, கோயில்ல நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஒத்து ஊதுவாங்களே, கவனிச்சாதான கேக்கும், அப்படி. ஆனா டிரம்ஸ் சத்தம் அமுங்கிப் போச்சுங்குற கோவம் எனக்கு இன்னும் இருக்கு. டிரம்மர் தோமன் ஸ்டாவ்க்குக்கும் இந்தப் போக்கு ஒத்துவரல, 2005ல விலகிட்டாரு.

என் மச்சான் அவங்களோட பழைய வேகப் பாட்டுதான் பெஸ்ட்னு இன்னும் சண்டை போடுறான். நீங்க ஒரு அரைப்பக்கம் ஒதுக்குனா அவனையே எழுதச் சொல்றேன்.

– ஈசூன் வாசகர்