சக்கரத்தின் உள்பக்கத்தையும் பார்

கானாடுகாத்தான்

அன்புள்ள வள்ளிக்கு,

அப்பச்சி எழுதுவது. வண்டி 80-ஐத் தொட்டால் ஸ்டீரிங் உதறுகிறது என்று ஆத்தாவிடம் சொன்னாயாம். ஒர்க்‌ஷாப்பில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம், பார்க்கச் சொன்னார்களாம். கொஞ்சம் பொறு. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால்தான் அலைன்மென்ட். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினால் பெரும்பாலும் பேலன்ஸ் கோளாறு, சக்கரத்தின் கனம் சுற்றிலும் சமமாக இல்லை என்று அர்த்தம். பிள்ளையார்பட்டிக்கு நீ வந்து போனபோது நல்ல மழை. நம் ஊர்ச் செம்மண் ரிம்முக்கு உள்ளே அப்பிக் காய்ந்திருந்தால், அந்தக் கனம் ஒன்றே போதும் சக்கரம் உதற. வெளியே பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே கைவிட்டுத் தடவிப் பார். முதலில் கழுவு, அப்புறமும் உதறினால் பேலன்சிங்குக்குக் கொடு.

ஓட்டி வந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றாதே. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் தட்டு, அதுதான் டிஸ்க், சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளக்கூடும். காலையில், நிழலில், பாடியைத் தொடுவதற்கு முன்னால் சக்கரங்களைக் கழுவு. ஒன்றை முடித்துத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. உங்கள் போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். வாளியும் துணியும் சக்கரத்துக்கென்று தனியாக இருக்கட்டும். ரிம்மில் படிகிற கறுப்பு, பிரேக் பேடும் டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும்போது தேய்ந்து வரும் தூள். அதில் இரும்புத் துகள் உண்டு. அதே துணியால் கதவைத் துடைத்தால் பெயிண்டில் கீறல் விழும்.

பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கிற நம் வீட்டுப் பழக்கத்தில் இதற்கும் புளி, எலுமிச்சை என்று போய்விடாதே. பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். அலாய் வீல் என்பது அலுமினியம். மேலே உள்ள பூச்சு போய்விட்டால், திருவான்மியூர் உப்புக் காற்றில் சீக்கிரமே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கார் ஷாம்பூவும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். ஆயுத பூஜைக்கு வைக்கிற சந்தனம் குங்குமத்தையும் மறுநாளே கழுவிவிடு.

இவ்வளவையும் உன் கையால் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கழுவுமுன் நான்கு சக்கரத்திலும் அந்தக் கறுப்பு எப்படிப் படிந்திருக்கிறது என்று பார். முன்சக்கரங்களில் அதிகம் இருப்பது இயல்பு, பிரேக்கின் பாரம் அங்கேதான் அதிகம் விழுகிறது. ஆனால் முன்னால் இடது கரியாகவும் வலது சுத்தமாகவும் இருந்தால், ஒரு பக்கத்துக் காலிப்பர், பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம், சிக்கியிருக்கலாம். உடனே காட்ட வேண்டிய விஷயம் அது. தண்ணீர் அடித்துவிட்டு அனுப்புகிற பையனுக்கு இதைப் பார்க்க நேரம் ஏது?

டயரையும் ஒரு சுற்று பார்த்துவிடு. டயர் மேலே வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும், மழைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. காற்றை டயர் ஆறியிருக்கும்போது பிடி. அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும்.

கழுவி முடித்ததும் மெதுவாக ஓட்டி இரண்டு தடவை பிரேக்கை மிதி, ஈரம் போய்விடும். மறுநாள் டிஸ்க்கில் லேசாகத் துரு தெரிந்தால் பயப்படாதே, பிரேக் பிடித்ததும் போய்விடும்.

பேலன்சிங்குக்குச் சக்கரத்தைக் கழற்றினால் பக்கத்திலேயே நில். நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, அப்புறம் எதிரெதிராக முறுக்க வேண்டும். சரியான அளவுக்கு இறுக்குகிற டார்க் ரென்ச் வைத்து முடிக்கச் சொல். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்கம் பார்க்கச் சொல். கூச்சப்படாமல் கேள்.

ஆத்தா மனகோலம் சுட்டு வைத்திருக்கிறாள், பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். உதறல் நின்றதா என்று கழுவிய அன்றே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பச்சி