புது போனில் விழுந்த விரிசல், பார்க்காமலே மறுக்கப்பட்ட வாரண்டி

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: முன்பக்கக் கண்ணாடி விரிசலுக்கு வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக

ஐயா / அம்மா,

தங்கள் நிறுவனத்தின் போன் ஒன்றை மதுரையில் ஒரு கடையில் ரூ. 23,999 கொடுத்து வாங்கினேன். மாதம் ஒன்று முடிவதற்குள் முன்பக்கக் கண்ணாடியில் விரிசல். பில், ஐஎம்இஐ எண், படங்கள் இத்துடன் இணைத்துள்ளேன்.

இரவு சார்ஜ் போட்டு மேஜைமேல் வைத்த போன் அது. காலையில் எடுத்துப் பார்த்தால், பவர் பட்டனை ஒட்டிய விளிம்பில் தொடங்கி முன்கேமரா வரைக்கும் தலைமுடி கனத்துக்கு ஒரே ஒரு கோடு. கடையிலேயே ஒட்டிக் கொடுத்த டெம்பர்டு கிளாஸ் மேலே முழுசாக இருந்தது. நகத்தால் தடவினால் எங்கும் தட்டவில்லை. கோடு அதற்கு அடியில் இருந்தது. பவுச்சில் சிராய்ப்பு இல்லை, பிரேமில் நசுங்கல் இல்லை.

தங்கள் சர்வீஸ் சென்டரில் கவுன்டரில் இருந்த தம்பி போனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கீழ போட்டிருப்பீங்க சார். பிசிக்கல் டேமேஜ், வாரண்டி வராது" என்றார். டிஸ்ப்ளே மாற்ற ரூ. 9,400, அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றார். பேசிக்கொண்டே டெம்பர்டு கிளாஸை உரித்துக் காலடியில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். போன் விழவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த முதல் சாட்சி அது. நல்லவேளை, கிளம்பும் முன்பே வீட்டில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

ஜாப் ஷீட்டில் "வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்" என்று அச்சடித்துக் கையெழுத்துக் கேட்டார்கள். மறுத்தேன். அப்படியானால் போனை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். மறுப்பையாவது எழுதித் தாருங்கள் என்றதற்கு, "அதெல்லாம் சிஸ்டத்துல வராது சார்." அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. விரிசல் என்றால் அவர் கணினித் திரையில் தேர்ந்தெடுக்க அந்த ஒரு காரணம்தான் இருக்கிறது போலும். அந்தத் திரையை அமைத்தது நீங்கள்.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். போன் கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி வைப்பார்கள். சோடியம் அயனி இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய பொட்டாசியம் அயனி நெருக்கிக்கொண்டு உட்காருவதால் மேற்பரப்பு இறுகிவிடும். அதை ஈடுகட்ட உட்பகுதி இழுவிசையில் இருக்கும். விளிம்பைத் தீட்டும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று தங்கிவிட்டாலோ, பிரேம் ஒரு பக்கம் அழுத்தினாலோ, பேட்டரி லேசாக உப்பினாலோ, அங்கிருந்து விரிசல் ஓடலாம். அடிபட்டு உடைந்தால் பெரும்பாலும் அடிபட்ட புள்ளியும், அதைச் சுற்றிக் கிளை பிரிந்த கோடுகளும் இருக்கும். என் போனில் கிளையும் இல்லை, புள்ளியும் இல்லை. காரணம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. திறந்து பார்க்காமல் நீங்களும் சொல்ல முடியாது என்கிறேன்.

தங்கள் வாரண்டி அட்டை, வெளிவிசையால் வந்த சேதத்தைத்தான் விலக்குகிறது. விலக்கு என்று சொல்கிறவர்தானே அந்த விசை பட்ட இடத்தைக் காட்ட வேண்டும்?

ஆகவே, தங்கள் பொறியாளர் ஒருவர் என் முன்னிலையில் போனைத் திறந்து பேட்டரி, பிரேம், கண்ணாடி விளிம்பு மூன்றையும் பார்த்து, விரிசல் தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் படம் எடுத்து, முடிவைக் கையெழுத்துடன் தர வேண்டும். அடிபட்ட தடயம் இல்லையென்றால் டிஸ்ப்ளேவைக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34-இன்படி நான் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்வேன். ரூ. 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது. சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பப் பிரிவு 38 வழி செய்கிறது. நீங்கள் செய்ய மறுத்த சோதனையை அங்கே கேட்பேன்.

போனைக் கூரியரில் அனுப்பச் சொல்ல வேண்டாம். வழியில் இன்னொரு விரிசல் விழுந்தால் அதுவும் "வாடிக்கையாளரால்" என்றுதான் அச்சாகும். நேரில் கொண்டுவருகிறேன், தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை